டு போடவா, இங் போடவா? தமிழ்க் காதை வைத்தே தெரிந்துகொள்ளும் வழி

லாரி டிரைவர் ஒருவர் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகிறார். தக்கலை வந்ததும் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறார். அதே ஊரில் இன்னொருவர், சர்க்கரை நோய் வந்ததிலிருந்து டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். ஆங்கிலத்தில் முதல் ஆள் ‘ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ’. இரண்டாவது ஆள் ‘ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ’. மாற்றிப் போட்டால் சர்க்கரை நோயாளி கையில் டீ கிளாஸைக் கொடுத்துவிடுவோம்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்கள், கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். வந்த முதல் வாரமே கேட்பது இந்தக் கேள்விதான்: ஆங்கில வினைக்கு எங்கே டு, எங்கே இங்? இதற்கு வழக்கமாகக் கையில் தருவது ஒரு நீளமான பட்டியல். இந்த வினைகளுக்கு இங், அந்த வினைகளுக்கு டு, மனப்பாடம் செய். நானும் சில வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சை வரைக்கும் அது நிற்கும், வாய் திறந்து பேசும்போது நிற்காது.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். மேலே சொன்ன இரண்டு தமிழ் வாக்கியங்களையும் மறுபடி பாருங்கள். ‘குடிக்க’ நிறுத்தினார், ‘குடிப்பதை’ நிறுத்திவிட்டார். ஆங்கிலம் செய்கிற வேலையைத் தமிழ் ஏற்கெனவே செய்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதில் தடுமாற மாட்டார். அந்தக் காதை நம்பி எங்கே நடக்கலாம், எங்கே அது காலை வாரிவிடும் என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். உதாரணங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நோட்டில் எழுதும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: இரண்டையும் அடையாளம் காணுங்கள்

வினையோடு இங் ஒட்டி, அது ஒரு பெயர்ச்சொல்லாக நின்றால் அதற்கு ஜெரண்ட் என்று பெயர். ஸ்விம்மிங், ரீடிங், குக்கிங். தமிழில் இது தொழிற்பெயர்: நீந்துவது, படிப்பது, சமைத்தது. வினைக்கு முன்னால் டு வந்தால் இன்ஃபினிட்டிவ். டு ஸ்விம், டு ரீட், டு குக். தமிழில் நீந்த, படிக்க, சமைக்க.

‘ஐ ஆம் ஸ்விம்மிங்’ என்பதிலும் இங் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ‘நீந்துகிறேன்’, முழு வினை. நம் கணக்கில் அது வராது. ‘நீந்துவது’ என்று சொல்ல முடிகிற இடத்தில் வரும் இங் மட்டும்தான் நம் விஷயம்.

விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளமும் புழங்கி வளர்ந்தவர்களுக்கு இன்னொரு காதும் உண்டு. ‘போகான்’ என்றால் டு, ‘போகுன்னது’ என்றால் இங். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் திரு-கொச்சியோடும் இருந்த மாவட்டம் இது. இங்கே பலருக்கு இந்த இரண்டு மொழியும் இயல்பாகவே வரும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். ‘டு நாகர்கோவில்’ என்றால் நாகர்கோவிலுக்கு. அதே டு தான் பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன்னாலும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு திசையைக் காட்டும் சொல் அது, நம்முடைய ‘கு’ உருபு மாதிரி. ஆகவே டு வரும் இடத்தில் பெரும்பாலும் மனம் இனிமேல் நடக்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங் வரும் இடத்தில் செயல் ஏற்கெனவே நடந்திருக்கும், அல்லது நடந்துகொண்டிருக்கும், அல்லது ஒரு பொருளைப் போல மனத்தில் நிற்கும். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனாலும் கையில் வைத்துக்கொள்ள நல்ல திசைகாட்டி.

இரண்டாம் படி: ப்ரெப்போசிஷன் வந்தால் யோசிக்கவே வேண்டாம்

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் சின்னச் சொல்தான் ப்ரெப்போசிஷன். இன், அட், ஆஃப், ஃபார், வித்தவுட், பிஃபோர், ஆஃப்டர் இவற்றுக்குப் பின்னால் வினை வந்தால் அது இங். இந்த விதியை முதலில் தருவதற்குக் காரணம், இதில் விதிவிலக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘வித்தவுட் ஈட்டிங்’, ‘பிஃபோர் லீவிங்’, ‘இன்ஸ்டெட் ஆஃப் வெயிட்டிங்’, ‘குட் அட் குக்கிங்’. நேர்முகத் தேர்வில் அதிகம் கேட்கிற தவறு ‘ஐ ஆம் இன்ட்ரெஸ்டட் டு லேர்னிங்’ என்பது. ‘இன்ட்ரெஸ்டட் இன் லேர்னிங்’ என்று பழகுங்கள்.

சிக்கல் ஒரே ஒரு இடத்தில்தான். டு என்ற சொல்லே சில சமயம் ப்ரெப்போசிஷனாக வேடம் போடும். கடிதத்தின் கடைசியில் எழுதுவோமே, ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. அங்கே ‘டு ஹியர்’ என்று எழுதியவர்களை எண்ணவே முடியாது. நானும் என் முதல் வேலை விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதி அனுப்பினேன்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டு-வுக்குப் பின்னால் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ சரியாக நிற்கிறது. அப்படியென்றால் அந்த டு ப்ரெப்போசிஷன், பின்னால் இங். ‘ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை’ நிற்காது. அப்படியென்றால் அது வினையோடு வரும் சாதாரண டு.

இதே சோதனை ‘யூஸ்ட் டு’ விஷயத்திலும் கைகொடுக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே எழுந்துவிடுவார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். அந்த வேலையை இப்போது விட்டுவிட்டவர் சொல்வது: ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபோர்.’ முன்பெல்லாம் நாலு மணிக்கு எழுவேன். இன்னும் அந்த வேலையில் இருப்பவர் சொல்வது: ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபோர்.’ நாலு மணிக்கு எழுந்து பழகிவிட்டது. ‘ஆம்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பின்னால் இங்.

மூன்றாம் படி: எதற்காக என்ற கேள்வி

‘தோவாளைக்கு எதற்குப் போனாய்?’ ‘பூ வாங்க.’ இதற்கு டு. ‘ஐ வென்ட் டு தோவாளை டு பை ஃப்ளவர்ஸ்.’ இங்கே நம்மைக் கெடுப்பது ‘வாங்குவதற்காக’ என்ற சொல். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ‘ஃபார் பையிங் ஃப்ளவர்ஸ்’ என்கிறோம். ஒரு ஆள் ஒரு காரியத்துக்காகப் போனார், வந்தார், படித்தார் என்றால் டு தான். ‘வாங்குவதற்காக’ என்று வாயில் வந்தால் அதை ‘வாங்க’ என்று சுருக்கிவிட்டு மொழிபெயருங்கள்.

ஒரு கருவி எதற்குப் பயன்படும் என்று சொல்லும்போது மட்டும் ‘ஃபார்’ போட்டு இங் வைக்கலாம். ‘எ நைஃப் ஃபார் டாப்பிங் ரப்பர்’, பால்வெட்டும் கத்தி.

நான்காம் படி: வாக்கியத்தின் தொடக்கம்

முக்கடலும் கூடும் இடத்தில் கடலில் குளிப்பது ஆபத்து என்று சொல்ல வேண்டும். ‘குளிப்பது’ எழுவாய். ஆகவே ‘பேதிங் இன் தி சீ இஸ் டேஞ்சரஸ் ஹியர்’. டு வைத்துச் சொல்ல ஆசைப்பட்டால் அதைப் பின்னால் தள்ளிவிடுங்கள்: ‘இட் இஸ் டேஞ்சரஸ் டு பேத் ஹியர்’. ‘டு பேத்’ என்றே தொடங்கினால் தவறில்லை, ஆனால் பேச்சில் விறைப்பாகக் கேட்கும்.

ஐந்தாம் படி: ஒரே வினை, இரண்டு பொருள்

இங்கேதான் நான் வகுப்பில் அதிக நேரம் நிற்பேன். ஸ்டாப், ரிமெம்பர், ஃபர்கெட், ட்ரை, ரிக்ரெட். இந்த ஐந்தும் டு-வையும் ஏற்கும், இங்-ஐயும் ஏற்கும், ஆனால் பொருள் மாறிவிடும். ஐந்திலும் தமிழ்க் காது உங்களைக் கைவிடாது.

ஸ்டாப் பார்த்தாயிற்று. ரிமெம்பருக்கு வருவோம். வீட்டைப் பூட்டிவிட்டு வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை வந்தபிறகு சந்தேகம் வருகிறது. ‘இல்லை, பூட்டியது நினைவிருக்கிறது’ என்றால் ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்’. பூட்டியது முந்தி, நினைவு பிந்தி. கிளம்பும் முன்பே அம்மா ‘பூட்ட மறந்துவிடாதே’ என்று சொல்லியிருந்தால் அது ‘ரிமெம்பர் டு லாக் தி டோர்’. நினைவு முந்தி, பூட்டுவது பிந்தி. எது முதலில் நடக்கிறது என்று பார்த்தாலே போதும்.

ஃபர்கெட் இதற்கு உடன்பிறப்பு. ‘பூட்ட மறந்துவிட்டேன்’ என்றால் ‘ஐ ஃபர்காட் டு லாக்’. கதவு திறந்தே கிடக்கிறது. இங் வடிவத்தைப் பெரும்பாலும் ‘மறக்கவே மாட்டேன்’ என்று சொல்லும்போதுதான் கேட்போம். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு மாணவி, 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். அப்போது சின்னக் குழந்தை அவள். முதல் வரியே ‘ஐ வில் நெவர் ஃபர்கெட் டு சீ தி வேவ்’ என்றிருந்தது. அதன் பொருள் ‘அலையைப் பார்க்க ஒருநாளும் மறக்க மாட்டேன்’. ‘நீ சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லு’ என்றேன். ‘அலையைப் பார்த்ததை மறக்க மாட்டேன்’ என்றாள். சொன்ன உடனே அவளே பேனாவை எடுத்து ‘சீயிங்’ என்று திருத்தினாள். விதி எதுவும் நான் சொல்லவில்லை. ‘பார்க்க’, ‘பார்த்ததை’ என்ற வேறுபாடு அவளுக்குள் இருந்தது.

ட்ரை இன்னும் அழகு. உப்புக்காற்றில் பூட்டு துருப்பிடித்துவிட்டது. கதவைத் திறக்க முயன்றேன், முடியவில்லை: ‘ஐ ட்ரைட் டு ஓப்பன் தி டோர்’. பூட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன்: ‘ஐ ட்ரைட் புட்டிங் சம் ஆயில் ஆன் தி லாக்’. எண்ணெய் விடுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. அதனால் பலன் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். ‘செய்து பார்த்தேன்’ என்று தமிழில் வந்தால் இங், ‘செய்ய முயன்றேன்’ என்று வந்தால் டு. ஆங்கில இலக்கண நூல்கள் அரைப்பக்கம் விளக்குகிற இந்த வேறுபாட்டை நாம் ‘பார்’ என்ற ஒரு துணைவினையில் முடித்துவிடுகிறோம்.

ரிக்ரெட் அலுவலகக் கடிதங்களில் வரும். ‘தெரிவிக்க வருந்துகிறோம்’ என்பது ‘வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’. ‘அவனிடம் சொன்னதற்கு வருந்துகிறேன்’ என்பது ‘ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்’. இதில் உங்களுக்கு இனி விளக்கமே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஆறாம் படி: மற்ற வினைகளைத் தமிழால் பிரியுங்கள்

இனிப் பட்டியல் வரும் இடம். பட்டியலாகத் தராமல் தமிழ் வடிவங்களாகத் தருகிறேன்.

‘செய்து’ வடிவத்தோடு இன்னொரு வினை சேர்ந்தால் பெரும்பாலும் இங். படித்து முடித்தேன்: ‘ஃபினிஷ்ட் ரீடிங்’. பேசிப் பழகு: ‘ப்ராக்டிஸ் ஸ்பீக்கிங்’. நடந்துகொண்டே இரு: ‘கீப் வாக்கிங்’. மேலே பார்த்த ‘விட்டுப் பார்த்தேன்’ என்பதும் இந்தக் குடும்பம்தான்.

‘செய்ய’ வடிவம் வந்தால் பெரும்பாலும் டு. போக ஆசைப்படுகிறேன்: ‘வான்ட் டு கோ’. தர ஒப்புக்கொண்டார்: ‘அக்ரீட் டு கிவ்’. நீந்தக் கற்றுக்கொண்டேன்: ‘லேர்ன்ட் டு ஸ்விம்’. வாங்கத் திட்டமிட்டோம்: ‘ப்ளேண்ட் டு பை’.

‘ஆக’ வந்தால் காலத்தைப் பாருங்கள். வருவதாக வாக்குக் கொடுத்தான்: ‘ப்ராமிஸ்ட் டு கம்’. இனி நடக்க வேண்டியது, ஆகவே டு. பணத்தை எடுத்ததாக ஒப்புக்கொண்டான்: ‘அட்மிட்டட் டேக்கிங் தி மணி’. நடந்து முடிந்தது, ஆகவே இங்.

‘மறுத்தான்’ என்ற சொல்லில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு. பணம் தர மறுத்தான்: ‘ரெஃப்யூஸ்ட் டு கிவ்’. பணம் எடுத்ததை மறுத்தான்: ‘டினைட் டேக்கிங்’. ஆனால் இங்கேயும் ‘தர’, ‘எடுத்ததை’ என்று தமிழ் பிரித்துத்தான் காட்டுகிறது.

ஏழாம் படி: காது ஏமாற்றும் இடங்கள்

இந்த இடங்களை மறைத்துவிட்டால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். சில வினைகளில் தமிழ் உதவாது, மனப்பாடம்தான் வழி. நல்லவேளை, அவை அதிகமில்லை.

முதலாவது என்ஜாய். ‘கடலில் குளிக்க ரொம்பப் பிடிக்கும்’ என்கிறோம், ‘குளிக்க’ என்பது டு-வை இழுக்கிறது. ஆனால் என்ஜாய் ஒருநாளும் டு ஏற்காது. ‘ஐ என்ஜாய் பேதிங் இன் தி சீ’ மட்டும்தான். லைக், லவ், ஹேட் என்றால் இரண்டும் போடலாம். ‘வுட் லைக்’ என்றால் டு மட்டும்: ‘ஐ வுட் லைக் டு ஜாயின்’.

அடுத்தது சஜஸ்ட். நான் திருத்தும் தாள்களில் அதிகம் சிவப்பு மை வாங்கும் வினை இதுதான். ‘திற்பரப்பு அருவிக்குப் போகலாம் என்றேன்’ என்பது ‘ஐ சஜஸ்டட் கோயிங் டு திற்பரப்பு’. இனிமேல் நடக்கப்போவதுதானே, டு வர வேண்டாமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். யோசனை சொல்லும்போது அந்தப் பயணத்தை ஒரு பொருளைப் போல எல்லோர் முன்னாலும் வைக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கன்சிடர், போஸ்ட்போன் இரண்டும் இதே மாதிரிதான். ‘கன்சிடர் பையிங் எ ஹவுஸ்’, ‘போஸ்ட்போன்ட் லீவிங்’. மைண்ட் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி விண்டோ?’

எதிர்ப்பக்கம் மேனேஜ், ஃபெயில். ‘எப்படியோ சமாளித்து ஏறிவிட்டேன்’ என்பது நடந்து முடிந்த விஷயம். ஆனாலும் ‘மேனேஜ்ட் டு கெட் ஆன் தி பஸ்’ என்று டு தான் வரும்.

ஸ்டார்ட், பிகின் இரண்டையும் ஏற்கும், பொருளும் மாறாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது, ஆகவே ‘மழை தொடங்குகிறது’ என்று அடிக்கடி சொல்ல வேண்டிவரும். ‘இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெயின்’ என்று சொல்லுங்கள். ‘ஸ்டார்ட்டிங் ரெயினிங்’ என்று இரண்டு இங் அடுத்தடுத்து வந்தால் காதுக்கு இடிக்கும்.

இன்னொன்று நீட். வலை கிழிந்திருக்கிறது, பின்ன வேண்டும். ஆள் வேலை செய்கிறார் என்றால் டு: ‘ஐ நீட் டு மெண்ட் தி நெட்’. வலையையே எழுவாயாக வைத்தால் இங்: ‘தி நெட் நீட்ஸ் மெண்டிங்’. குளச்சல், முட்டம் பக்கத்து மாணவர்கள் இந்த உதாரணத்தை மறந்ததே இல்லை.

எட்டாம் படி: நடுவில் ஒரு ஆள் வந்தால்

‘நான் நர்ஸாக வேண்டும் என்று அம்மா விரும்புகிறார்.’ இதை ‘மை மதர் வான்ட்ஸ் தட் ஐ...’ என்று தொடங்காதீர்கள். ‘மை மதர் வான்ட்ஸ் மீ டு பிகம் எ நர்ஸ்’. ஆள் நடுவில், பின்னால் டு. டெல், ஆஸ்க், அட்வைஸ், அலவ் எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு. அலவ், அட்வைஸ் இரண்டிலும் ஆள் இல்லாவிட்டால் இங் வரும்: ‘தே டோன்ட் அலவ் ஸ்மோக்கிங்’, ‘தே டோன்ட் அலவ் அஸ் டு ஸ்மோக்’.

மேக், லெட் இரண்டுக்கும் டு-வும் கிடையாது, இங்-கும் கிடையாது. ‘லெட் மீ கோ’, ‘தே மேட் மீ வெயிட்’. ‘காக்க வைக்கப்பட்டேன்’ என்று திருப்பினால் மட்டும் டு திரும்பி வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’.

ஒன்பதாம் படி: தினமும் கால் மணி நேரம்

ராத்திரி தூங்கும் முன் அன்றைக்கு நடந்ததில் ஐந்து வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள். உங்கள் சொந்தப் பேச்சில், கருங்கல்லிலோ களியக்காவிளையிலோ எப்படிப் பேசுவீர்களோ அப்படி. ‘செய்ய’, ‘செய்வது’, ‘செய்தது’, ‘செய்து’ வடிவங்களுக்கு அடியில் கோடு போடுங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் பழைய பழக்கம்தான் கையைப் பிடித்து எழுதும். ஏழாம் படியில் வந்த வினைகளை மட்டும் ஒரு அட்டையில் எழுதி நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதே ஆறு வாக்கியங்கள். பதிலைப் பார்க்கும் முன் சொல்லிப் பாருங்கள்.

மரச்சீனிக் கிழங்கு அவித்து முடித்தேன். மீன் வாங்கக் குளச்சல் போனோம். மட்டிப் பழம் வாங்க மறந்துவிட்டாள். போன வருடம் மாத்தூர் தொட்டிப் பாலத்தில் நடந்தது நினைவிருக்கிறது. நாளைக்குப் போகலாம் என்று அண்ணன் சொன்னார். இரண்டு மாத்திரை போட்டுப் பார்த்தேன், தலைவலி போகவில்லை.

வரிசையாகப் பதில்கள்: ஃபினிஷ்ட் பாய்லிங், வென்ட் டு பை, ஃபர்காட் டு பை, ரிமெம்பர் வாக்கிங், சஜஸ்டட் கோயிங், ட்ரைட் டேக்கிங். மூன்றாவதில் ‘பையிங்’ என்று எழுதியிருந்தால் ஐந்தாம் படியை ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு வாருங்கள். ஐந்தாவதில் ‘டு கோ’ என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம், அந்த அட்டையில் முதல் வரியாக சஜஸ்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள்.